தல்லாகுளம் முதல் தாம்பரம் வரை: விமான நேரமும் பயண நேரமும்

வருகிற தை மாதக் கடைசியில் தாம்பரத்தில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். மதுரை தல்லாகுளத்திலிருந்து எழுபத்து நான்கு வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு, சீர்ப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு நான் போக வேண்டும். ரயிலில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. விமானக் கட்டணமோ நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும். ஆகவே எதில் போவது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ள இளையவர்கள் முன்வைக்கும் வாதம் ஒன்றுதான்: விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், ரயிலில் ஆறு மணி நேரம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் பொய்யில்லை. ஆனால் முதல் எண் விமானத்தின் நேரத்தைச் சொல்கிறது, பயணியின் நேரத்தைச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக இந்தத் தடத்தில் எல்லா வழிகளிலும் போய்வந்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் தூரம். மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கு வானில் நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் வரும். சாலை வழியாக மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை, திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று போனால் 460 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ரயில் பாதைதான் எல்லாவற்றிலும் நீளமானது. அது மதுரையை விட்டு வடமேற்கே திண்டுக்கல்லுக்கு ஏறி, அங்கிருந்து கிழக்கே திரும்பித் திருச்சியை அடைந்து, அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம், செங்கல்பட்டு வழியாகச் சென்னை எழும்பூரைச் சேரும்போது 490 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. மதுரைக்கும் திருச்சிக்கும் இடையில் மட்டுமே, திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு போவதால், சாலையை விட ரயிலுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகிறது.

415 கிலோமீட்டரைப் பறக்க ஒரு விமானத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? மதுரை–சென்னைத் தடத்தில் அதிகமாகப் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்னும் உந்துவிசிறி விமானம். எழுபது, எண்பது பேர் அமரலாம். அது சமநிலையில் பறக்கும் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் இருக்கும். வகுத்துப் பார்த்தால் ஐம்பது நிமிடம்தான். கால அட்டவணையிலோ ஒரு மணி இருபது நிமிடம் வரை குறித்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டில் ஏமாற்று எதுவும் இல்லை. அட்டவணையின் நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுமுனையில் மீண்டும் நிற்கும் கணம் வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், இறங்குவதற்காகச் சுற்றி வந்து வரிசையில் சேர்வதும், இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு ஊர்வதும் அதில் அடங்கும். மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. போக வேண்டிய திசையோ வடகிழக்கு. காற்றைப் பொறுத்து மேற்கு நோக்கி எழும்ப நேர்ந்தால், சென்னைக்குப் போக வேண்டிய விமானம் முதலில் எதிர்த்திசையில் சிறிது தூரம் போய்த்தான் திரும்ப வேண்டும்.

ஜெட் விமானமாக இருந்தால் பாதி நேரத்தில் போய்விடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடிய ஏர்பஸ்சும் இத்தடத்தில் மிஞ்சினால் பத்து நிமிடம்தான் மிச்சப்படுத்தும். ஏனென்றால் இவ்வளவு குறுகிய தூரத்தில் அது தன் முழு வேகத்தில் பறக்கும் பகுதி மிகச் சிறியது. உயரத்துக்கு ஏறி முடித்தவுடனே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. தூரம் கூடக்கூடத்தான் விமானத்தின் வேகம் பயணிக்குப் பயன் தரும். மதுரையிலிருந்து டெல்லிக்குப் போகிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்கவே வேண்டியதில்லை. அவர் விமானத்தில்தான் போக வேண்டும். சென்னை போன்ற நடுத்தரத் தூரத்தில்தான் கணக்கு நெருங்கி வருகிறது.

இப்போது பயணியின் நேரத்துக்கு வருவோம். தல்லாகுளத்தில் வீடு, சென்னையில் நுங்கம்பாக்கத்தில் வேலை, பயணி தனியாள் என்று வைத்துக்கொள்கிறேன். பெருங்குடிக்கு அருகிலுள்ள விமான நிலையம், மதுரை ரயில் சந்திப்பிலிருந்தே 12 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. தல்லாகுளமோ வைகைக்கு வடகரை. ஆற்றைத் தாண்டி, ஊருக்குள் புகுந்து, வில்லாபுரம், அவனியாபுரம் வழியாகவோ, சுற்றுச்சாலையைப் பிடித்தோ போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆகும். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் முகப்பைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள் என்பதால், எண்பத்தைந்து நிமிடம் முன்னதாகவாவது அங்கே நிற்க வேண்டும். பறக்கும் நேரம் எண்பது நிமிடம். இறங்கிப் பெட்டி வந்து வெளியேற இருபத்தைந்து நிமிடம். மீனம்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மெட்ரோவும் ஆட்டோவுமாக ஐம்பது நிமிடம். கூட்டினால் நான்கு மணி நாற்பது நிமிடம்.

அதே ஆள் காலை வந்தே பாரத்தில் போகிறார் என்றால், சந்திப்புக்கு இருபது நிமிடம், அங்கே காத்திருக்க இருபது நிமிடம், எழும்பூர் வரை ஏறத்தாழ ஆறு மணி நேரம், எழும்பூரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு இருபது நிமிடம். மொத்தம் ஏழு மணி நேரம். ஒன்றேகாலுக்கும் ஆறுக்கும் இடையில் தெரிந்த நான்கே முக்கால் மணி நேர இடைவெளி, வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கிட்டால் இரண்டு மணி இருபது நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த இடைவெளி வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இன்னும் சுருங்கும். திண்டுக்கல்லில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மதுரை விமான நிலையத்துக்கு வந்துசேரவே ஒன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். ஆகவே அவருடைய விமானப் பயணம் ஐந்தே முக்கால் மணி நேரமாகிறது. ரயிலோ அவர் ஊர் வழியாகவே போகிறது. வீட்டிலிருந்து நுங்கம்பாக்கம் வரை ஆறு மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகலாம். ஏறத்தாழ அரை மணி நேர மிச்சத்துக்காகத் தெற்கே வந்து மறுபடி வடக்கே பறப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, திருமங்கலம், கப்பலூர், திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விமான நிலையம் கையெட்டும் தூரம். அவர்களுக்கு விமானத்தின் பயன் முழுமையாகக் கிடைக்கிறது. மேலூர்க்காரர்களுக்குச் சென்னைச் சாலை வாசலிலேயே போவதால், பேருந்தையும் காரையும் அவர்கள் கணக்கில் சேர்த்தே தீர வேண்டும்.

இதுவரை சொன்னது கடிகார நேரம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த நேரம் எத்தனை துண்டுகளாக உடைந்து வருகிறது என்பது. விமானப் பயணத்தின் நான்கு மணி நாற்பது நிமிடத்தில், வண்டியில் நாற்பது, வரிசையில் முப்பது, நாற்காலியில் ஐம்பத்தைந்து, இருக்கைப் பட்டையுடன் எண்பது, பெட்டிக்காக இருபத்தைந்து, மெட்ரோவிலும் ஆட்டோவிலும் ஐம்பது என்று எதுவும் நிலையாக இல்லை. ஒரு கோப்பைத் திறந்து படிக்கவோ கண்ணயரவோ முடியாது. ரயிலின் ஆறு மணி நேரம் ஒரே துண்டு. ஏறி உட்கார்ந்தால் திருச்சி வரை ஒரு வேலை, விழுப்புரம் வரை இன்னொரு வேலை என்று செய்துகொண்டே போகலாம். வழக்கு வேலையாகச் சென்னைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர், விமானத்தில் போனால் நாள் முழுவதும் போகிறது, ரயிலில் போனால் அரை நாள்தான் போகிறது என்பார். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும் அந்தச் சொல்லை நான் அனுபவத்தில் உண்மை என்று கண்டிருக்கிறேன்.

இந்த அளவுகோலை வைத்தால் இரவு ரயிலான பாண்டியன் எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் மிஞ்சிவிடுகிறது. இரவு சாப்பிட்டுவிட்டு ஏறி, விடியும் முன்பே தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்கினால், எட்டு மணி நேரத்தில் விழித்திருந்து கழிக்க வேண்டியது ஒரு மணி நேரம்கூட இல்லை. தூங்கும் வசதிப் பெட்டியில் போனால் கட்டணம் ஐந்நூறு ரூபாயைத் தொடாது. சென்னையில் காலை பத்து மணிக்கு வேலை இருக்கிற, படுத்தவுடன் தூங்கக்கூடிய எவருக்கும் இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. குறை ஒன்றுதான்: இடம் கிடைக்க வேண்டும். முன்பதிவு திறந்த சில நாள்களிலேயே வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நிறைந்துவிடுகின்றன. பயணத்துக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்குக் குளிர்சாதனப் பெட்டிக்கும், பதினொரு மணிக்கு மற்றதற்கும் திறக்கும் தட்கலை நம்பி ஒரு வளைகாப்புக்குப் போக முடியாது.

பகல் ரயில்களைப் பற்றியும் ஒரு சொல். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் இன்றும் அதிகாலைப் பயணிகளின் வண்டிதான். ஏழரை மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. 2019 மார்ச் 1 அன்று தொடங்கிய தேஜஸ் மதுரையிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு ஆறேகால், ஆறரை மணி நேரத்தில் எழும்பூரை அடைகிறது. நெல்லையிலிருந்து வரும் வந்தே பாரத் 2023 செப்டம்பரிலும், நாகர்கோவிலிலிருந்து வரும் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31 அன்றும் சேர்ந்துகொண்டன. முன்னது காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாகவும், பின்னது மாலையிலும் மதுரையைத் தாண்டிப் போகின்றன. வாரத்தில் ஒரு நாள் ஓடா வண்டிகள் இவற்றில் உண்டு என்பதை நாள் குறிக்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் விமானத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு, சென்னையில் மருத்துவமனையில் இருந்த சித்தப்பாவின் நிலை மோசமாகிவிட்டது என்று தகவல் வந்தது. வைகை போய்விட்டிருந்தது, அடுத்த பகல் ரயில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான். காரில் புறப்பட்டிருந்தால் மாலை ஆறு மணியாகியிருக்கும். நண்பகலுக்கு முன்பிருந்த விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. இரண்டேகால் மணிக்கு அவர் கட்டிலருகே நின்றேன். கண் திறந்து என்னைப் பார்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆறு மணிக்கு அவர் இல்லை. அன்றைக்கு நான் கொடுத்த கட்டணம் எவ்வளவு என்று இப்போது நினைவில்லை. நினைவு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. சராசரி பயண நேரத்தை ஒப்பிடும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்: அவசரக்காரனுக்கு வேகத்தைவிட, அடுத்த புறப்பாடு எப்போது என்பதே கேள்வி. நாளுக்குப் பல முறை பறக்கும் விமானம் அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது.

அதே விமானத்தை நான் தவறவிட்டதும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளன்று, தல்லாகுளத்தில் குடியிருப்பவன் எதை முதலில் நினைத்திருக்க வேண்டுமோ அதை மறந்து, புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் வீட்டை விட்டு இறங்கினேன். அழகரை எதிர்கொள்ளத் திரண்ட கூட்டத்தில் சாலைகளை அடைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி நான் முகப்பை அடைந்தபோது புறப்பாட்டுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. முகப்பு மூடி பத்து நிமிடம் ஆகியிருந்தது. பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு நடக்கும்போதும் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் இதே எச்சரிக்கையுடன் சுற்றுச்சாலையை நம்புவது நல்லது. இரண்டு நிமிடம் தாமதமாக ஓடிப் போனால், நடைமேடையில் நிற்கும் ரயிலில் ஏதோ ஒரு பெட்டியில் தொற்றிக்கொள்ளலாம். விமானத்தில் அந்த இடம் இல்லை.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்க, விமானம் ஏன் வரவில்லை என்று பயணிகள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நம்மை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் பெரும்பாலும் சென்னையிலிருந்து அப்போதுதான் வர வேண்டியதாக இருக்கும். அங்கே மழையென்றால் இங்கே தாமதம். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாள்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. போகியன்று அதிகாலைப் புகையால் அங்கே விமானங்கள் தடைபட்டதும் உண்டு. ரயிலும் வெள்ளத்துக்குத் தப்பியதல்ல. ஆயினும் சாதாரண மழைக்கு அது நிற்பதில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயில் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாததால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பேருந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுத்தாவணியிலிருந்து எட்டு, ஒன்பது மணி நேரம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின், தென்மாவட்டப் பேருந்துகள் வண்டலூரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் போகிறவர்களுக்கு இது நன்மை. வடசென்னைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பயணமே மிச்சமிருக்கிறது. வேறு எதிலும் இடமில்லாத இரவுகளில் நம்மைக் கைவிடாதது பேருந்துதான் என்பதையும் மறுக்க முடியாது. கார் என்றால் சிட்டம்பட்டியில் தொடங்கிப் பரனூர் வரை சுங்கச்சாவடிகளைத் தாண்டி எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். நான்கு பேர் சேர்ந்தால் செலவு கட்டுப்படியாகும். ஓட்டுகிறவரின் உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. விடுமுறை முடியும் ஞாயிறு மாலையில் செங்கல்பட்டுக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் சிக்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் பயணம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். விமானத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பெறலாம். அன்போடு தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அதற்காக இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். சென்னையில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அம்மாவை இறக்குவார்கள். சிறிய விமானமாக இருந்தால் கூண்டுப் பாலம் வழியாக நேரே உள்ளே நுழையவும் முடியாது. ஆகவே நாற்பது நிமிட வண்டி, நூற்றிருபது நிமிடக் காத்திருப்பு, எண்பது நிமிடப் பறப்பு, வெளியேற நாற்பது, தாம்பரத்துக்கு முப்பத்தைந்து என்று ஐந்தேகால் மணி நேரம் வருகிறது. ரயிலிலோ எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. வந்தே பாரத் தாம்பரத்திலேயே நிற்கிறது. சந்திப்புக்கு இருபது, காத்திருப்பு முப்பது, தாம்பரம் வரை ஐந்தரை மணி நேரம், அக்கா வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம். வித்தியாசம் ஒரு மணி இருபது நிமிடம். இடையில் அம்மா இரண்டு முறை எழுந்து காலை நீட்டிக்கொள்ளலாம். கழிவறைக்கு யாரையும் கேட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. மூத்த குடிமக்களுக்கு ரயில்வே அளித்துவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, இன்னும் திரும்ப வரவில்லை. அது வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அது இல்லாமலும்கூட இருவருக்குமான ரயில் கட்டணம், நல்ல நாள் பார்த்து ஏறும் விமானக் கட்டணத்துக்கு வெகு கீழே நிற்கிறது.

சாமான்களும் இருக்கின்றன. விமானத்தில் கையில் ஏழு கிலோ, ஒப்படைக்கும் பெட்டியில் பதினைந்து கிலோ என்பது வழக்கமான வரம்பு. ஐந்து வகைச் சோறு கட்டிக் கொடுக்க அம்மா எடுத்து வைத்திருக்கும் தூக்குகளும், முறுக்கு, அதிரசமும், புடவையும், வளையல் பெட்டியும் அந்த வரம்புக்குள் அடங்கப் போவதில்லை. கொப்பரை எண்ணெய் மிகுந்து தீப்பற்றக்கூடியது என்பதால் அதை ஒப்படைக்கும் பெட்டியில் ஏற்றவும் விடமாட்டார்கள். அம்மாவிடம் எதில் போகலாம் என்று கேட்டதற்கு, “எதுல கூட்டிட்டுப் போனாலும் சரிதான்யா, பூ மட்டும் வாடாமப் போய்ச் சேரணும்” என்று மட்டும் சொன்னார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியற்காலையில் வாங்கிய மல்லிகை மொட்டை ஈரத்துணியில் சுற்றி ரயிலின் குளிர்சாதனப் பெட்டியில் கொண்டுபோனால், அது விரிய வேண்டிய மாலை நேரத்துக்கு முன்பே தாம்பரத்தில் இருக்கும்.

ஆகவே வளைகாப்புக்கு முந்தைய நாள் காலை வந்தே பாரத்தில் எங்கள் இருவருக்கும் இடம் போடுகிறேன். அம்மா அங்கே பத்து நாள் இருந்துவிட்டு, அக்காவுடன் மெல்லப் பகல் ரயிலில் திரும்புவார். எனக்குத் திங்கட்கிழமை காலை மதுரையில் வேலை இருப்பதால், ஞாயிறு இரவு தாம்பரத்தில் பாண்டியனைப் பிடிப்பேன். அக்கா மகளுக்குப் பங்குனியில் பிரசவம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொலைபேசி அழைப்பு எந்த நேரத்தில் வந்தாலும், அன்றைக்கு நான் பார்க்கப் போவது அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்பதை மட்டும்தான்.